இரத்ததானம் செய்தவர் நான்கு மாதம் காத்திருப்பது எதற்காக?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "இரண்டு மாதங்களுக்கு முன் முகாமொன்றில் இரத்தம் கொடுத்தேன். களைப்பு எதுவும் இல்லை. மீண்டும் கொடுக்கப் போனபோது நான்கு மாதம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுத்த இரத்தம் இனி ஊறாது என்று அம்மம்மா பயப்படுகிறார். எது சரி?"

அம்மம்மா பயப்படத் தேவையில்லை. செங்குழியம் ஒன்றின் ஆயுளே ஏறத்தாழ 120 நாள்கள்தான் என்பதால், நீங்கள் கொடுத்த குழியங்கள் உங்கள் உடலில் இருந்திருந்தாலும் இந்நேரம் பாதியளவு அழிந்திருக்கும். இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முள்ளந்தண்டு, விலா எலும்புகள் ஆகியவற்றுள் இருக்கும் சிவப்பு என்பு மச்சை, செக்கனுக்கு 20 இலட்சத்துக்கும் குறையாத செங்குழியங்களை ஆக்குகிறது. இரத்தம் குறைந்ததும் ஒட்சிசன் போதாமையை உணரும் சிறுநீரகங்கள் எரித்ரோபொயட்டின் என்னும் ஓமோனைச் சுரக்க, மச்சையிலுள்ள இளங்கலங்கள் பல மடங்காகப் பெருகி, சுமார் ஒரு வாரத்தில் ஈமோகுளோபினால் நிறைந்து, இறுதியில் தம் கருவையே வெளியே தள்ளிவிட்டுக் குருதியோட்டத்தில் சேருகின்றன. இந்த ஒழுங்கு எனக்கு இன்றும் வியப்பூட்டுவது.

தடை இரும்பில்தான் இருக்கிறது. ஈமோகுளோபினை ஆக்க மச்சைக்கு நாளாந்தம் 20 மில்லிகிராம் அளவு இரும்பு வேண்டும். உணவிலிருந்து உடல் உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. மீதி முழுவதும் முதிர்ந்து அழியும் செங்குழியங்களிலிருந்து மீட்கப்படுகிறது. நீங்கள் கொடுத்த 450 மில்லிலீற்றர் இரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பும் அந்தச் சுழற்சியை விட்டுப் போய்விட்டது. மாதவிடாயிலும் இரும்பை இழக்கும் பெண்களுக்கு இது ஈடாக நிரம்ப மாதங்கள் செல்லும். ஈமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால், களைப்பில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மீன், ஈரல், பருப்பு, கீரை ஆகியவற்றை அடிக்கடி சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய்ப்புளி விட்டால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது கழியட்டும். இரும்பு மாத்திரையை நீங்களாகவே தொடங்க வேண்டாம். தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயின் மரபணுவை நோயின்றிக் காவுபவர்களின் செங்குழியங்களும் இரும்புக்குறைபாட்டில் போலவே சிறுத்துத் தோன்றும். அவர்களுக்கு இரும்பு தேவைப்படாமலே இருக்கலாம். மாதவிடாய்ப் போக்கு அதிகமென்றால் அதை வைத்தியரிடம் சொல்லி, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.