ஆயிரம் மூட்டைக்கு மைனஸ் கணக்கு: கணினிப் பட்டதாரிகளின் கேள்விகளும் என் பதில்களும்

கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணினி படித்தவன் நான். சென்னையிலும் பெங்களூரிலும் பத்தொன்பது வருஷம் நிரல் எழுதிவிட்டு, இப்போது ஊரிலேயே இருந்து வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களிலும் உட்காருவதுண்டு. படிப்புக்கும் வேலைக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று குழுவில் பலரும் கேட்டு அனுப்பியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். சம்பளம் எவ்வளவு வரும், எந்தக் கம்பெனியில் இடம் காலி என்பவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

திருவாரூர், பி.சி.ஏ. முடித்தவர்: அண்ணா, 84 சதவீதம் வாங்கினேன். மூன்று இன்டர்வியூவிலும் முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டார்கள். எங்கள் லேபில் டர்போ சி தான் இருந்தது. அதுதான் காரணமா?

அதுவும் ஒரு காரணம். ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை தம்பி.

டர்போ சி, சி மொழியில் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள்; விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. 64 பிட் விண்டோஸில் அது நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்று ஒன்றைப் போட்டு, அதற்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதில் ‘இன்ட்’ (முழு எண்ணை வைக்கும் இடம்) என்றால் 16 பிட். 32,767-ஐத் தாண்டினால் எண் கவிழ்ந்து மைனஸ் பக்கம் போய்விடும். நம் ஊர்க் கணக்கையே பார்ப்போம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. ஆயிரம் மூட்டைக்கு எத்தனை கிலோ என்று டர்போ சியில் இன்ட் வைத்துப் பெருக்கினால் 40,000 வராது, மைனஸ் 25,536 வரும். (40,000-லிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள்.) இன்றைக்குப் புழங்கும் கம்பைலரில் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்) அதே நிரல் ஒழுங்காக 40,000 காட்டும்.

நல்ல ஆசிரியர் ஒருவர் கையில் கிடைத்தால் அந்தப் பழைய டர்போ சியே ஒரு பாடம். எண் ஏன் கவிழ்ந்தது என்று ஒரு மணி நேரம் நடத்தலாம். ஆனால் லேபில் யாரும் ஆயிரம் மூட்டை கொடுத்துப் பார்ப்பதே இல்லை. ரெக்கார்டு நோட்டில் உள்ளீடு 5, 10. வெளியீடு 15. எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) வந்து பார்ப்பதும் அதே 15-ஐத்தான். நிரல் எங்கே உடையும் என்று தேடியவருக்குக் கல்லூரியில் ஒரு மார்க் கூடக் கிடையாது. இன்டர்வியூவில் உங்களிடம் கேட்டிருப்பது அதைத்தான்.

மயிலாடுதுறை, பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு: சார், பாலிண்ட்ரோம் (ஒரு சொல் இருபுறமும் ஒன்றாகப் படிக்கிறதா என்று பார்க்கும்) நிரல் கேட்டார்கள், சரியாக எழுதிக் காட்டினேன். “தமிழ்ச் சொல் கொடுத்தால் வேலை செய்யுமா?” என்றார்கள். ‘செய்யும்’ என்றேன். சிரித்தார்கள். ஏன்?

நானும் அந்தக் கேள்வியைக் கேட்பேனம்மா, ஆனால் சிரிக்க மாட்டேன். உங்கள் நிரலில் ‘விகடகவி’ என்று கொடுத்துப் பாருங்கள். சின்ன வயதிலிருந்து இருபுறமும் ஒன்றாகப் படித்துக்கொண்டிருக்கிற சொல். நிரல் ‘இல்லை’ என்று சொல்லும்.

நம் கண்ணுக்கு அது ஐந்து எழுத்து: வி, க, ட, க, வி. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ‘வி’ என்பது வகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ஆக இரண்டு குறியீடு. மொத்தம் ஏழு. ஏழையும் அப்படியே திருப்பினால் கொக்கி முதலில் வந்து நிற்கும். வகரத்தோடு இருந்தது ககரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சேமிப்பில் இதுவே யு.டி.எஃப்.-8 முறையில் 21 பைட். ‘நீளம் எவ்வளவு’ என்ற ஒரு கேள்விக்கு 5, 7, 21 என்று மூன்று விடை இருக்கிறது, மூன்றும் சரி. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓ.டி.பி. தவிர மற்ற குறுஞ்செய்தியெல்லாம் தமிழில் அனுப்பவேண்டிய இடத்தில் இது விளையாட்டில்லை, நீளத்தை வைத்துத்தான் பில் தொகை.

துணையெழுத்தும் புள்ளியும் தனக்கு முந்தைய எழுத்தோடு சேரவேண்டும் என்று ஒரு விதி எழுதிவிட்டு, அப்புறம் திருப்பிப் பாருங்கள்.

நாகப்பட்டினம்: பைத்தான் படிக்கலாமா, ஜாவா படிக்கலாமா?

எது உங்கள் கல்லூரியில் இருக்கிறதோ அது. ஒன்றை ஆழமாகத் தெரிந்தவருக்கு அடுத்தது சில வாரம்தான்.

மன்னார்குடி, பி.இ. இறுதியாண்டு: திருச்சியில் ப்ராஜெக்ட் சென்டரில் எட்டாயிரம் ரூபாய்க்கு டாகுமென்டோடு கொடுக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் வாங்கியாயிற்று. நானும் வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஒருமுறை மூன்று வெவ்வேறு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே நூலக மேலாண்மை ப்ராஜெக்ட்டை என் முன்னால் வைத்தார்கள். மூன்றிலும் முதல் பக்கத்தில் ஒரே எழுத்துப் பிழை.

எட்டாயிரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு அறுவடை நேரத்தில் ஒரு நாள் போய் நில்லுங்கள். அங்கே நடப்பதை நிரலாக எழுதுகிறேன் என்று ஆரம்பியுங்கள். முதல் நாள் சுலபமாகத் தெரியும். விவசாயி பெயர், நிலம், மூட்டை, ஈரப்பதம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் எடுக்க மாட்டார்கள். உடனே நிரலில் ஐந்து இடத்தில் 17 என்று எழுதுவீர்கள்.

அப்புறம் மழை பெய்யும். மாநில அரசு கேட்கும், மத்திய அரசு வரம்பைத் தளர்த்தும். நான்கு இடத்தில் மாற்றிவிட்டு ஐந்தாவதை மறப்பீர்கள். சரி, ஐந்தையும் மாற்றிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். போன மாதம் 18 இருந்ததென்று திருப்பி அனுப்பிய நெல்லெல்லாம் இப்போது அறிக்கையில் ‘தகுதி உள்ளது’ என்று வந்து நிற்கும். ஆகவே வரம்பு மட்டும் போதாது, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும் அட்டவணையில் வேண்டும்.

அடுத்தது நிலம். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், அவர் சென்னையில் இருப்பார். உழுது விதைத்தவர் குத்தகைதாரர். பணம் யார் கணக்குக்குப் போகவேண்டும்? கல்லூரியில் நாம் வரைகிற ‘மாணவர், பாடம், மதிப்பெண்’ படத்தில் இப்படி ஒரு சிக்கல் வரவே வராது. சம்பாவோ ஒரு வருஷம் விதைத்து அடுத்த வருஷம் தை, மாசியில் அறுக்கிற பயிர். ‘வருஷ வாரியாக’ அறிக்கை போட்டால் விதைப்பு ஒரு பக்கமும் கொள்முதல் ஒரு பக்கமும் விழும்.

நிரல் முழுதாக முடியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த நாலு சிக்கலில் எங்கே மாட்டினேன், எப்படி வெளியே வந்தேன் என்று ஒருவர் பேசினால் எனக்கு வேறு எதுவும் கேட்கவேண்டியதில்லை. எழுதுவதைத் தினமும் கிட்டில் (நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள்) ஏற்றி வையுங்கள். அது 2005-லிருந்து இருக்கிறது, இலவசம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் கடைசி’ என்று பென் டிரைவில் கோப்பு வைப்பதை விட்டுவிடுங்கள்.

பட்டுக்கோட்டை, ஒரு தந்தை: மகனுக்குப் பின்வாசல் வழியாக வேலை வாங்கித் தருவதாக ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழையும் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். வேலைக்கு எடுப்பவர் பணம் கேட்க மாட்டார்.

தஞ்சைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர்: சென்ற முறையும் இப்படித்தான் எழுதினீர்கள். குறை சொல்வது சுலபம். பாடத்திட்டம் பல்கலைக்கழகம் கொடுப்பது, இணைப்புக் கல்லூரியில் நாங்கள் ஒரு வரி மாற்ற முடியாது. அறுபது பிள்ளைகள், இரண்டு மணி நேர லேப். மீதி நேரம் நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) கோப்பு. ரிசல்ட் குறைந்தால் நிற்கவேண்டியது நான், நீங்கள் அல்ல.

உண்மை சார். உங்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் ரெக்கார்டில் கையெழுத்துதான் போட்டுக்கொண்டிருப்பேன்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்தப் பக்கம் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். பாடம் நடத்துபவர் ஒருவர், வினாத்தாள் எடுப்பவர் வேறொருவர், திருத்துபவர் மூன்றாமவர். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லாத மூன்று பேரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ளக்கூடியது புத்தகத்தில் அச்சாகியிருக்கிற விடை மட்டும்தான். ஆகவே அதைத்தான் கேட்பார்கள், அதைத்தான் நடத்துவீர்கள். ‘இந்த நிரலில் என்ன தப்பு’ என்று கேட்டால் அறுபது பேர் அறுபது மாதிரி எழுதுவார்கள். விடைக் குறிப்பு போட முடியாது.

உள்மதிப்பீட்டு மார்க் உங்கள் கையில் இருக்கிறதல்லவா? போன வருஷப் பிள்ளைகள் எழுதிய நிரலை இந்த வருஷப் பிள்ளைகளிடம் கொடுத்து, ‘இதில் ஒன்றை மாற்று’ என்று மட்டும் சொல்லுங்கள். காசு செலவில்லை, பாடத்திட்டத்தையும் தொடவேண்டாம். என் முதல் வேலையில் முதல் வாரம் ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னார்கள். அந்த வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. மூன்று வருஷப் படிப்பில் அடுத்தவர் எழுதிய நிரலை ஒரு நாள்கூட நான் படித்ததில்லை.

ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி: கல்லூரி என்ன, கம்பெனிக்கு ஆள் தயார் செய்யும் பட்டறையா? இன்று கிட் என்பீர்கள், நாளை வேறொன்று வரும். அடிப்படையைக் கற்பிப்பதுதான் எங்கள் வேலை.

ஐயா, அடிப்படை வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கிட்டைக் கல்லூரி கற்பிக்காவிட்டாலும் இரண்டு வாரத்தில் நாங்கள் சொல்லிக்கொடுத்துவிடுவோம். அடிப்படையைத்தான் எங்களால் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை. கல்லூரியிலிருந்து அதுவே வருவதில்லை என்பதுதான் என் புகார்.

‘டெட்லாக்’ என்ற முட்டுக்கட்டை வர நான்கு நிபந்தனை என்ன என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள், பத்து மார்க் கேள்வி அல்லவா! இரண்டு நிரல் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நிற்கும் பதிவைக் கையில் கொடுத்தால், ‘சர்வர் ஸ்லோ சார்’ என்கிறார்கள். அறுவடை நேரத்தில் வாய்க்கால் கரைப் பாதையில் நெல் ஏற்றிய டிராக்டரும் அறுவடை மிஷினும் எதிரெதிரே வந்து நிற்பதைப் பார்க்காத டெல்டாப் பிள்ளை உண்டா? பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். பிடித்த இடத்தை விடாமலே அடுத்த இடத்துக்கு இருவரும் காத்திருக்கிறார்கள். யாரையும் தூக்கி அப்பால் வைக்க முடியாது. இவர் அவருக்காக, அவர் இவருக்காக. நான்கும் அங்கேயே இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்லி, ‘யார் பின்னால் போவது, எந்த விதிப்படி’ என்று கேட்டிருந்தால் போதும்.

அதே பேராசிரியர்: உதாரணம் நன்று. ஆனால் 1980களில் எங்களுக்கு ஒரு கணினியும் இல்லாமல் தாளிலேயே நிரல் எழுதித்தான் கற்றோம். கையால் எழுதுவதைக் கேலி செய்யாதீர்கள்.

திருச்சி, மென்பொருள் ஊழியர்: ஐயா, அப்போது யோசித்துத் தாளில் எழுதினீர்கள். இப்போது சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா?

இவருக்கும் அவருக்கும் நடந்தது இன்னும் நீளம். ஒரு கட்டத்தில் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழி வரை போய்விட்டது, இங்கே போடவில்லை. நான் தம்பி பக்கம்தான். ஆனால் ஒன்று: ஐயா சொல்வது போல யோசித்துத் தாளில் எழுதத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் இன்டர்வியூவில் தனியாகத் தெரிகிறார்கள். நோட்டு பாவம், அது என்ன செய்யும்.

தஞ்சாவூர்: பைத்தானா ஜாவாவா?

நாகப்பட்டினத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

கும்பகோணம், இரண்டாம் ஆண்டு: ஏ.ஐ.-யே நிரல் எழுதித் தருகிறது. இனி நாங்கள் படித்து என்ன பயன்?

இப்போதெல்லாம் நானே ஏ.ஐ. எழுதிய நாற்பது வரியை அச்செடுத்துக் கொடுத்து, இதில் ஒரு தப்பு இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், ஓடவும் செய்யும். மூட்டை பூஜ்யம் என்று கொடுத்தால் விழுந்துவிடும். எழுதித் தர ஆள் வந்துவிட்டதென்றால் படித்துப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். படிக்கத்தான் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை என்று மேலே புலம்பியிருக்கிறேன்.

கும்பகோணம், ஐந்து அரியர் வைத்திருப்பவர்: ராமானுஜனே நம் ஊர் அரசுக் கல்லூரியில் தோற்றவர்தானே சார்?

ஆமாம், 1904-ல் சேர்ந்து, மற்ற பாடங்களில் தோற்று, உதவித்தொகையையும் இழந்தார். கணக்கில் மூழ்கிக் கிடந்ததால் தோற்றார். நீங்கள் எதில் மூழ்கிக் கிடந்தீர்கள்?

பாபநாசம்: நான் முதல்வன் திட்டத்தில் வகுப்பு வைக்கிறார்கள். போகலாமா?

போங்கள். 2022-லிருந்து நடக்கிறது, அரசுத் திட்டம். சான்றிதழுக்காக மட்டும் உட்காராதீர்கள். இதே போல சான்றிதழ் தருகிறேன், வேலையும் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தனியார் யாராவது வந்தால், பட்டுக்கோட்டைப் பதிலைப் பாருங்கள்.

திருத்துறைப்பூண்டி: எனக்கு எந்த மொழி…

தம்பி, மேலே பாருங்கள்.

மயிலாடுதுறை மாணவி மறுபடியும்: சார், நீங்கள் சொன்னபடி துணையெழுத்தைச் சேர்த்து எழுதினேன். விகடகவிக்கு இப்போது ‘ஆம்’ என்று வருகிறது. ஆனால் ‘ஸ்ரீ’ கொடுத்தால் ஸ், ரீ என்று இரண்டாகப் பிரிக்கிறது. நாங்கள் எழுதும்போது அது ஒரே எழுத்துதானே? என் நிரலில் தப்பா?

யாரும் சொல்லாமல் நீங்களாகவே ஸ்ரீயைக் கொடுத்துப் பார்த்தீர்களா? நான் மேலே சொன்ன விதிதான் போதவில்லை. ‘க்ஷ’வும் இப்படித்தான் பிரியும், அதையும் பாருங்கள். ஸ்ரீயை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்பதை நீங்களே முடிவு செய்து, ஏன் என்று இரண்டு வரி எழுதி நிரலின் தலையில் வையுங்கள். அதையும் உங்கள் சுயவிவரத்தையும் எனக்கு அனுப்புங்கள்.