தம்பியை மாற்ற வேண்டாம், அப்பா அம்மாவோடு பேச ஆள் வேண்டும்

தண்டையார்பேட்டை அக்காவுக்கு: தம்பி தன்பால் ஈர்ப்பைச் சொன்னதும், "மாற்றித் தருகிறேன்" என்ற டாக்டரிடம் அப்பா கூட்டிப்போகப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே போகவே வேண்டாம். அப்படி மாற்றப் பார்ப்பது டாக்டர்களுக்குத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் அறிவித்துவிட்டது.

குடும்ப ஆலோசனை சரியான யோசனைதான். ஆனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: "பையனை மாற்றப் பார்ப்பீர்களா?" பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆள். முதலில் அப்பா அம்மா மட்டும் போகட்டும். அழுகை, கோபம், "சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க" எல்லாம் தம்பி காதில் விழாமல் அங்கேயே கொட்டட்டும். (நம்ம பக்கம் வீட்டுக்குள் பேசினால் தெருவுக்கே கேட்கும்!) 2021-இல் தன்பால் ஈர்ப்பு ஜோடி ஒன்றின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷே இதைப் பற்றி உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம், தம்பி சம்மதிக்காமல் பெரியப்பா, சித்தப்பா யாருக்கும் விஷயம் போகக் கூடாது.