கொயோட்டிக்கு எந்தத் துப்பாக்கி? கேள்வி பதில்

அமெரிக்காவில் நிலமும் ஆடும் கோழியும் வைத்திருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆடு கோழியைத் தூக்கும் காட்டு நாய் இனமான கொயோட்டியை முதன்மையாக வைத்துப் பதில் சொல்கிறேன். நரி, ரக்கூன், பாப்கேட் (அமெரிக்கக் காட்டுப்பூனை) பற்றிக் கேட்டவர்களுக்கு இடையிடையே பதில் உண்டு.

டெக்சாஸ் மலைநாட்டில் 60 ஏக்கர், ஆடுகள் உண்டு. முதல் ரைஃபிள் வாங்கப் போகிறேன். .223 போதுமா அண்ணா? கடைக்காரர் .22-250 தான் வேண்டும் என்கிறார்.

போதும். ஆனால் தோட்டாவின் பெயரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் நிலத்தைப் பாருங்கள். அந்தப் பக்கம் சீடர் புதரும் ஓக்கும் அடர்ந்தது. இரை போல் ஓசை எழுப்பிக் கூப்பிட்டு வரவழைத்துச் சுடும் கொயோட்டி பெரும்பாலும் 150 கஜத்துக்குள்தான் நிற்கும். மேய்ச்சல் வெளியின் நீளம் 250 கஜம் என்றால் அதுதான் உங்கள் உச்சதூரம்.

கொயோட்டி பெரிய விலங்கு அல்ல. மேற்கு மாநிலங்களில் 10 முதல் 15 கிலோ, கிழக்கில் கொஞ்சம் கூடுதல். முடிதான் உருவத்தைப் பெரிதாகக் காட்டும். இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 4, 5 அங்குல வட்டம். அந்த வட்டத்துக்குள் முதல் குண்டை வைக்க முடியாத தூரத்தில் எந்தத் தோட்டாவும் உதவாது.

.223-இல் 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) பாலிமர் முனைக் குண்டு 24 அங்குலக் குழலிலிருந்து விநாடிக்கு சுமார் 3,240 அடியில் கிளம்பும். 200 கஜத்தில் குறி சரிசெய்தால் 100-இல் ஒன்றரை அங்குலம் மேலே, 300-இல் சுமார் 7 அங்குலம் கீழே. அதாவது 225 கஜம் வரை நேராக நெஞ்சில் வைத்துச் சுடலாம், கணக்கு வேண்டாம். 16 அங்குலக் குழல் என்றால் வேகம் 3,000 பக்கம் வரும். 50 கஜம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ட்விஸ்ட் என்ன? குழலின் மேலேயே பொறித்திருக்கும். 1:12 என்றால் குண்டு 12 அங்குலம் போவதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றும். அதில் 55 கிரெய்ன் வரைதான். 1:9 என்றால் 69 கிரெய்ன் வரை கவலையில்லை. 1:8 என்றால் 75, 77 வரை போகலாம். குண்டு நீளமாக ஆக வேகமாகச் சுழல வேண்டும். சுழற்சி பற்றாவிட்டால் தாளில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் போல் நீள ஓட்டை விழும். குண்டு குப்புறப் போகிறது என்று அர்த்தம். இன்று புதிதாக வாங்குவதானால் 1:8 வாங்குங்கள்.

சுடுவதற்கு முன் கொயோட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேட்டின் உச்சியில் நிற்கும் விலங்கைச் சுடக் கூடாது.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் பண்ணையில் அவருடைய துப்பாக்கியால் சுட்டால் பிரச்சினை இல்லைதானே?

பிரச்சினை உண்டு. இதை நன்றாகப் படியுங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், 18 யு.எஸ்.சி. 922-இன் (ஜி)(5) பிரிவு, குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே தடுக்கிறது. சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, நண்பருடையதைக் கையில் வாங்குவதும் அதில் அடங்கும். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் வரும். இதற்கு விலக்கு (ஒய்)(2)-இல் இருக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் தடை இல்லை. ஆகவே முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, அடுத்து உரிமம், அதன் பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவது. உரிமம் காலாவதியான மறுநாள் விலக்கும் காலாவதி. வீட்டில் துப்பாக்கி இருந்தால் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கடையில் வாங்கும்போது 4473 படிவம் நிரப்புவீர்கள். குடியுரிமை, விசா, விலக்கு எல்லாம் அதில் கேட்கப்படும். உரிமத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் பொய் எழுதுவது பெருங்குற்றம். "கிரீன் கார்டு இருக்கும் மச்சான் பேரில் வாங்கிக்கொள்கிறேன்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதுவும் குற்றம், மச்சானும் மாட்டுவார். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்த விசாத் தடை கிடையாது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். ஒரு கொயோட்டிக்காக விசாவை இழக்க வேண்டாம்.

முதல் பதிலைப் படித்தேன். மன்னிக்கவும், .22-250-ஐ இப்படி ஒதுக்குவது சரியில்லை. 55 கிரெய்னையே 3,680 அடி வேகத்தில் தள்ளுகிறது. காற்றில் .223 காகிதம் மாதிரி பறக்கும்.

ஒதுக்கவில்லை. 1965-இல் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக்கும் முன்பே வேட்டைக்காரர்கள் வீட்டில் செய்து பயன்படுத்திய தோட்டா அது. நல்ல தோட்டா. ஆனால் எண்ணைப் பார்ப்போம்.

மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று, 300 கஜம், இரண்டிலும் அதே 55 கிரெய்ன் குண்டு. .223 ஏறக்குறைய 11 அங்குலம் விலகும், .22-250 சுமார் 9. விழுவதும் அப்படித்தான், ஏழுக்கு ஐந்தரை. இரண்டு கணக்கிலும் வித்தியாசம் 2 அங்குலத்துக்குள். 400 கஜத்தில்தான் .22-250 தன் வேகத்துக்குப் பலன் காட்டும்: .223 சுமார் 20 அங்குலம் விழும்போது இது 16-க்குள் நிற்கும். வயோமிங், கிழக்கு மொன்டானா போன்ற வெட்டவெளியில் அது பெரிய உதவி. சீடர் புதரில் ஒன்றுமில்லை.

விலையாக நீங்கள் கொடுப்பது குழலின் ஆயுள். இரண்டும் ஒரே விட்டமுள்ள குழல், .22-250-இல் வெடிமருந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரிகிறது. சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) முன்னால் இருக்கும் தொண்டைப் பகுதி சீக்கிரம் அரித்துப்போகும். தோட்டாவும் விலை அதிகம், கடையில் வகையும் குறைவு.

காற்றுக்கு வேகம்தான் மருந்து. இது எல்லோருக்கும் தெரிந்தது. (அதே நண்பர்)

எல்லோரும் சொல்வது. காற்றுக்கு மருந்து குண்டின் வடிவம். 1:8 ட்விஸ்ட் உள்ள .223-இல் 75 கிரெய்ன் நீளக் குண்டைப் போடுங்கள். விநாடிக்கு 2,790 அடிதான், .22-250-ஐவிட கிட்டத்தட்ட 900 அடி மெதுவாகக் கிளம்புகிறது. அதே 300 கஜம், அதே காற்று: விலகல் சுமார் 7 அங்குலம். உங்கள் 9-ஐவிடக் குறைவு. வேகத்தை இழக்காமல் கொண்டுபோகும் குண்டுதான் காற்றைத் தாங்கும்.

அந்தக் குண்டை உங்கள் .22-250-இல் போடலாமே என்பீர்கள். குழலைப் பாருங்கள். பழைய .22-250 பெரும்பாலும் 1:14. 55 கிரெய்னைத் தாண்டினால் சாவித்துவாரம்தான். அண்மையில் 1:9, 1:8 குழலோடு வருகின்றன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். 1:14 என்றால் 55 கிரெய்னோடு சந்தோஷமாக இருங்கள்.

என் குழல் 1:14. ஆனாலும் 300 கஜத்துக்குள் .22-250 சுட்டால் அங்கேயே படுக்கிறது, .223 சுட்டால் ஓடுகிறது. (மறுபடியும் அதே நண்பர்)

இதில் உண்மை இருக்கிறது. குழல்முனையில் .223-க்கு சுமார் 1,280 அடி-பவுண்டு ஆற்றல், .22-250-க்கு 1,650. ஆனால் .223-இல் ஓடுவதற்கு முக்கியக் காரணம் குண்டுத் தேர்வு. 40 கிரெய்ன் உடையும் குண்டைப் பக்கவாட்டில் தோள் எலும்பில் வைத்தால் வெளியிலேயே சிதறி மேல்காயம் மட்டும் ஏற்படுத்தும். விலங்கு வலியோடு ஓடி எங்கோ சாகும். அதைச் செய்யக் கூடாது. .223-இல் 50 முதல் 60 கிரெய்ன் பயன்படுத்துங்கள், தோளுக்கு ஒரு விரல் பின்னால் வையுங்கள். இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

6.5 கிரீட்மூர் மான் வேட்டைக்கு வைத்திருக்கிறேன். அதுவே போதுமா?

கொல்லும். 95 கிரெய்ன் உடையும் குண்டு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். மானுக்கான 140 கிரெய்ன் கொயோட்டியை ஊடுருவிப் பின்னாலும் வெகுதூரம் போகும். பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உதைப்பு அதிகம் என்பதால் குண்டு பட்ட இடத்தை ஸ்கோப்பில் பார்க்க முடியாது, இரண்டாவது கொயோட்டி வந்தால் தாமதமாகும். தோல் விற்க நினைத்தால் உதவாது.

6.5 கிரீட்மூர் வேண்டாமா, .308 போதுமா?

மேலே உள்ள பதில்தான்.

ஏஆர்-15 நல்லதா, போல்ட் ரைஃபிள் நல்லதா சார்? .223 எழுதியதில் 5.56 போடலாமா?

கொயோட்டி ஜோடியாக வருவதுண்டு, அப்போது சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஏஆர் வசதி. தூக்கி நடக்க, துல்லியத்துக்கு, விலைக்கு, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட். இரண்டும் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் அடித்தால் போதும், அதற்கு மேல் பெருமைக்குத்தான்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். 5.56 என்பது .223 போலவே இருக்கும் ராணுவத் தோட்டா. 5.56 சேம்பரில் .223 சுடலாம். .223 சேம்பரில் 5.56 சுடக் கூடாது, அழுத்தம் எல்லை மீறும். .223 வைல்ட் என்று பொறித்திருந்தால் இரண்டும் சரி.

இதைவிடப் பெரிய ஆபத்து .300 பிளாக்அவுட். அதன் பித்தளைக்கூடு .223-இலிருந்து பிறந்தது, ஒரே மேகசினில் போகும், சில குண்டுகள் .223 சேம்பரிலும் நுழைந்து பூட்டிக்கொள்ளும். .30 குண்டை .22 குழலுக்குள் தள்ளினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் மேகசின் நிறத்தையே மாற்றிவிடுங்கள், தோட்டாப் பெட்டிகளை ஒரே பையில் வைக்காதீர்கள்.

ஷாட்கன் மட்டும்தான் இருக்கிறது. 12 கேஜ்.

அடர்ந்த காட்டில் ரைஃபிளைவிட நல்லது. 3 அங்குலத் தோட்டாவில் நம்பர் 4 பக்‌ஷாட், 40 கஜம் வரை. நம்பர் 4 பக் (விலங்குக்கான பெரிய சிதறு குண்டு) 0.24 அங்குலம், சாதாரண நம்பர் 4 சிறு குண்டு வேறு, அது பறவைக்கு. பெட்டியை இரண்டு முறை படியுங்கள். டபுள் ஆட் பக்கில் குண்டுகள் பெரியவை, எண்ணிக்கை குறைவு, 40 கஜத்தில் குண்டுகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விழும். டங்ஸ்டன் டி-ஷாட் ஈயத்தைவிட அடர்த்தி, இன்னும் பத்துப் பதினைந்து கஜம் கூடுதலாகத் தரும், விலையும் அப்படியே.

எதை வாங்கினாலும் அட்டைப்பெட்டியில் 10 அங்குல வட்டம் வரைந்து 30, 40, 50 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் எட்டு, பத்துக் குண்டு விழாத தூரம் உங்களுக்கு வேண்டாம். எஃகுக் குண்டை இறுக்கமான சோக்கில் (குழல் முனையின் குறுகல்) சுடாதீர்கள், சோக்கும் குழலும் பாழாகும். சில மாநிலங்களில் குண்டு அளவுக்கு உச்சவரம்பு உண்டு, விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

கலிஃபோர்னியா. மேலே சொன்ன குண்டு எல்லாம் இங்கே ஓடுமா?

ஓடாது. 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்புக் குண்டு அதே எடையில் நீளம் அதிகம், ஆகவே மறுபடியும் ட்விஸ்ட். 1:12 குழலில் 55 கிரெய்ன் செம்பு ஒழுங்காகப் போகாது. 35, 40 கிரெய்னுக்கு இறங்குங்கள், அல்லது 1:9, 1:8 குழல் வாங்குங்கள்.

.17 எச்எம்ஆர் கோழிக்கூட்டுக்குப் போதுமா? நரியும் ரக்கூனும் வருகின்றன.

அவை இரண்டுக்கும் அருமை. 17 கிரெய்ன் குண்டு, முனையில் 245 அடி-பவுண்டுதான். நரிக்கு 125 கஜம் வரை. கொயோட்டிக்கு வேண்டாம், காயப்படுத்தி அனுப்புவீர்கள். பாப்கேட்டைத் தொடுவதற்கு முன் உங்கள் மாநிலப் பருவமும் தோல் முத்திரை விதியும் பார்க்க வேண்டும்.

6.5 கிரீட்மூர்...

மேலே.

வடக்கு டகோட்டா. தோல் விற்க விருப்பம். எந்தத் தோட்டா ஓட்டையைச் சிறிதாக்கும்?

.204 ரூகர், 40 கிரெய்ன், முனையில் 3,900 அடி. நெஞ்சில் பட்டால் பெரும்பாலும் உள்ளேயே சிதறும், வெளியே வராது. .243 தோலைக் கிழித்துவிடும். ஆனால் வருமானம் என்று நினைத்துத் துப்பாக்கி வாங்காதீர்கள். கனடா கூஸ் நிறுவனம் ஜாக்கெட் தலைமூடியின் ஓரத்துக்குக் கொயோட்டி முடி வைத்தபோது இருந்த விலை இப்போது இல்லை. 2021-இல் அவர்கள் உரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

இரவில் தெர்மல் ஸ்கோப்போடு சுடலாமா? எந்த மாடல்?

மாடல் பிறகு. முதலில் உங்கள் மாநிலத்தில் இரவு வேட்டைக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். வடக்கு கரோலினாவில் டேர், டிரெல், ஹைட், போஃபோர்ட், வாஷிங்டன் ஆகிய ஐந்து கவுன்டிகளில் கொயோட்டி மாதிரியே தெரியும் சிவப்பு ஓநாய் வாழ்கிறது. அங்கே கொயோட்டியை இரவில் சுடக் கூடாது, பகலிலும் அனுமதிச்சீட்டு வேண்டும். அரிசோனா, நியூ மெக்சிகோவில் மெக்சிகன் ஓநாய் உண்டு.

தெர்மலில் வெப்பம்தான் தெரியும், நிறம் தெரியாது. 250 கஜத்தில் நாய்க்கும் கொயோட்டிக்கும் ஓநாய்க்குட்டிக்கும் ஒரே வெள்ளைப் பொட்டு. பக்கத்துப் பண்ணையின் காவல் நாயைச் சுட்டவர்கள் எல்லோரும் கொயோட்டி என்று நினைத்துத்தான் சுட்டார்கள். துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப்பால் வயலைத் தேடாதீர்கள், தேடுவதற்குக் கையில் பிடிக்கும் கருவி வேறு. பின்னால் இருக்கும் வீடும் இரவில் தெரியாது. பகலிலேயே நடந்து பார்த்து எந்தத் திசையில் சுடக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்.

டாலஸ் புறநகர் வீடு. கொல்லையில் கொயோட்டி வருகிறது. சின்னத் துப்பாக்கி ஏதாவது?

எதுவும் வேண்டாம். நகர எல்லைக்குள் சுடுவது பொதுவாகக் குற்றம். நாய்ச்சோறு, விழுந்த பழம், திறந்த குப்பைத்தொட்டி மூன்றையும் அகற்றுங்கள். பார்த்தால் தட்டைத் தட்டிச் சத்தம் போட்டுத் துரத்துங்கள். சின்ன நாயைத் தனியாக வெளியே விடாதீர்கள்.

ஊரில், திண்டுக்கல் பக்கம், நரி ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது. இதே முறை செய்யலாமா ஐயா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள், பட்டியை அடைத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று: ஸ்கோப்பை எவ்வளவு பெரிதாக வாங்குவது?

3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும் 3-9 போதும். கூப்பிட உட்காரும்போது எப்போதும் 3-இல் வையுங்கள். 9-இல் வைத்தால் 30 கஜத்தில் வந்து நிற்கும் கொயோட்டி வெறும் முடியாகத் தெரியும், தலை எது வால் எது என்று தேடுவதற்குள் போய்விடும். தூரத்தில் நின்றால் திருப்ப நேரம் இருக்கும்.