'டெமகாக்' என்றால் யார்? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பாலக்கோட்டிலிருந்து கேட்ட நண்பருக்கு: மேடையில் காரசாரமாகப் பேசுகிற எல்லாரும் டெமகாக் இல்லை. கூட்டத்தின் பயத்தையும் ஆத்திரத்தையும் கிளறிவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஆதரவு திரட்டுபவர்தான் டெமகாக்.

சொல் கிரேக்கம். 'டெமோஸ்' என்றால் மக்கள், 'அகோகோஸ்' என்றால் நடத்திச் செல்பவர். தொடக்கத்தில் இதில் வசையே கிடையாது. பழைய கிரேக்க நகர அரசான ஏதென்ஸில் கி.மு. 429-ல் அதன் பெருந்தலைவர் பெரிக்கிளிஸ் இறந்தபின் கிளியோன் போன்ற அரசியல்வாதிகள் தலையெடுத்தார்கள். சொல்லிலும் கறை படிந்தது. கி.மு. 427-ல், ஏதென்ஸை எதிர்த்துக் கலகம் செய்த மிட்டிலீனி நகரத்து ஆண்களையெல்லாம் கொல்ல ஏதென்ஸ் மக்கள் சபை தீர்மானித்துக் கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் கோபம் தணிந்து மறுபடி விவாதித்தார்கள். கொல்லத்தான் வேண்டும் என்று கிளியோன் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனாலும் சொற்ப வாக்கில் தீர்மானம் மாறியது. இரண்டாவது கப்பல் விரைந்து போய் அந்தப் படுகொலையைத் தடுத்தது. கிளியோனைப் பற்றி எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் அவருக்கு ஆகாதவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் தருமபுரி மாவட்டத்தில் ஒகேனக்கல் உபரிநீரை ஏரிகளுக்குக் கொண்டுவரச் சொல்லி ஒருவர் கொதித்துப் பேசினால் அது நியாயமான கோரிக்கை. எந்த ஏரி, எத்தனை டி.எம்.சி., பம்பிங் செலவு யாருடையது என்று கேட்டதும், பதில் சொல்லாமல் பக்கத்து ஊர்க்காரர்களை எதிரியாகக் கைகாட்டினால் அவர்தான் டெமகாக்.