போலந்துக்கு அபராதம் உண்டா?

பற்றாக்குறை வரம்பை மீறியதற்காக ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போலந்து அபராதம் கட்ட வேண்டுமா என்று உங்கள் ஆய்வேட்டுக்காகக் கேட்டிருந்தீர்கள். கட்ட வேண்டியதில்லை. 2024 ஜூலையில் பிரான்ஸ், இத்தாலியோடு போலந்து மீதும் மிகைப் பற்றாக்குறை நடவடிக்கை (அரசின் செலவு வரவைவிட வரம்பு மீறிப் போனால் ஒன்றியம் எடுப்பது) தொடங்கியது, நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அபராதம் யூரோவை நாணயமாகக் கொண்ட நாடுகளுக்கு மட்டும். போலந்தில் இன்னும் ஸ்லோட்டிதான்.

பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு ஒன்றியத்தில் எல்லாருக்கும் பொது என்பதால் தண்டனையும் பொது என்று நினைத்திருப்பீர்கள். ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் 126ஆம் பிரிவை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். 139ஆம் பிரிவையும் சேர்த்துப் பாருங்கள், விலக்கு அங்கே இருக்கிறது.

அதற்காகப் போலந்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். ஹங்கேரியும் யூரோவில் இல்லை. 2012 மார்ச்சில் ஒன்றியத்தின் நிதி அமைச்சர்கள், அதற்கு அடுத்த ஆண்டு வரவேண்டிய 49.5 கோடி யூரோ ஒருங்கிணைவு நிதியை (வருமானம் குறைந்த உறுப்பு நாடுகளுக்கு ஒன்றியம் தரும் பணம்) நிறுத்திவைக்க முடிவெடுத்தார்கள். பற்றாக்குறையைக் குறைக்க அரசு இறங்கிவந்த அப்புறம்தான், ஜூனில், அந்த முடிவை விலக்கினார்கள்.