டிரம்மருக்கு முடியாமல் போனால் பேண்ட் நிற்க வேண்டுமா, தொடர வேண்டுமா?

கேள்வி: ஒருவர் நோயால் விலகிய பிறகு, கனடாவின் ரஷ் மாதிரி நிறுத்திக்கொண்ட ராக் இசைக்குழுவின் பெருமை பெரிதா, ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி மாதிரி ஆள் மாற்றித் தொடர்ந்த குழுவின் பெருமை பெரிதா?

இந்தச் சண்டையில் பல வருடம் ரஷ் பக்கம் நின்று கத்தியவன் நான். "மூன்று பேரில் ஒருவர் இல்லையென்றால் அது ரஷ்ஷே இல்லை, அதுதான் மரியாதை" என்பேன். ஏசி/டிசி ரசிகர்களிடம் "உங்கள் ஆட்கள் பேண்ட் நடத்தவில்லை, கம்பெனி நடத்துகிறார்கள்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்ல இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ரஷ்ஷின் கடைசி டூர் 2015-இல் நடந்தது. மொத்தம் 35 கச்சேரிகள்தான். இன்னும் நிறைய வாசிக்க வேண்டும் என்பது குழுவின் மற்ற இருவரான கெடி லீக்கும் அலெக்ஸ் லைஃப்சனுக்கும் இருந்த ஆசை. ஆனால் டிரம்மர் நீல் பியர்ட்டின் தோளும் கைகளும் ஒத்துழைக்கவில்லை. டூரின் நடுவில் காலில் தொற்று வேறு. மூன்று மணி நேரம் அப்படி ஒரு வாசிப்பை வாசிப்பவருக்குக் கால் என்பது பாதி வாத்தியம்.

ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கம். அதுவரை பியர்ட் கச்சேரி முடிந்ததும் டிரம்ஸுக்குப் பின்பக்கமாகவே இறங்கிப் போய்விடுவார். மேடையின் முன்பகுதி மற்ற இருவருடையது, அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தார். அன்று அந்தக் கோட்டைத் தாண்டி வந்து, இரண்டு நண்பர்களையும் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றார். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

அடுத்த வருடம் அவருக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்றரை வருடம் அதை வெளியே விடாமல் நண்பர்கள் காத்தார்கள். 2020 ஜனவரி 7 அன்று அவர் இறந்து, மூன்று நாள் கழித்துத்தான் உலகத்துக்கே தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் "எப்போது திரும்ப வாசிப்பீர்கள்?" என்று கேட்ட ரசிகர்களில் நானும் ஒருவன். அந்தக் கேள்வியை லீயும் லைஃப்சனும் எப்படித் தாங்கிக்கொண்டு சிரித்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1997-இல் பியர்ட்டின் மகள் கார் விபத்தில் இறந்தாள். பத்து மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போய்விட்டார். என்னை ஓய்வு பெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். வேறு டிரம்மரை அவர்கள் கூப்பிடவில்லை. எப்போது வருவாய் என்றும் நெருக்கவில்லை. புது ஆல்பம் வந்தது 2002-இல்தான். ரஷ்ஷின் பெருமை எது என்று கேட்டால் எந்தப் பாட்டையும் விட நான் இந்தக் காத்திருப்பைத்தான் சொல்வேன்.

சரி, ஏசி/டிசிக்கு வருவோம்.

மேடையில் பள்ளிச் சீருடையில் துள்ளும் ஆங்கஸ் யங்கை எல்லோருக்கும் தெரியும். பின்னால் ஆம்ப்ளிஃபயர்களை ஒட்டி நின்ற அண்ணன் மால்கமை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் கவனிப்பார்கள். நான் கல்லூரியில் ரிதம் கிட்டார் வாசித்தவன், அதனால் சொல்கிறேன்: அந்தக் குழுவின் எஞ்சின் மால்கம்தான். அவருடைய பழைய கிரெட்ஷ் கிட்டாரில் மற்ற பிக்அப்களை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகங்களை) கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றை வைத்திருந்தார். தடிமனான கம்பிகள். ஹார்ட் ராக் என்றதும் நாம் நினைக்கும் கரகரப்பு அவர் ஒலியில் குறைவு, அதனால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் சுத்தமாகக் கேட்கும். கேட்டால் ஒரு நாளில் வாசித்துவிடலாம் போல இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், ஸ்ட்ரோக்குக்கு நடுவில் அவர் விடுகிற அமைதியை வாசிக்கவே முடியாது. கை சும்மா இருக்காமல் எதையாவது அடித்துவிடும்.

அப்படிப்பட்ட மனிதர், தானே உருவாக்கிய ரிஃப்களை, பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் துணுக்குகளை, மறந்துபோனார். 2008-இல் தொடங்கிய டூரிலேயே மறதி வந்துவிட்டது. தன் பாட்டையே மறுபடி மறுபடி பயிற்சி செய்து மனதில் ஏற்றிக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். 2014-இல்தான் அவருக்கு மறதி நோய், இனித் திரும்ப மாட்டார் என்று வெளியே சொன்னார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் அண்ணன் மகன் ஸ்டீவி யங். 1988-இல் குடிப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காக மால்கம் ஒதுங்கியிருந்தபோதும் இதே ஸ்டீவிதான் நின்று வாசித்தார். 2014-இல் வந்த ஆல்பத்திலும், மால்கம் இறந்து மூன்று வருடம் கழித்து 2020-இல் வந்ததிலும் எல்லாப் பாடல்களும் ஆங்கஸ், மால்கம் இருவர் பெயரில்தான் இருக்கின்றன. குழு தொடர வேண்டும் என்பது மால்கமின் விருப்பம் என்று தம்பி சொல்லியிருக்கிறார். இதைக் கம்பெனி என்று நான் எந்த வாயால் சொன்னேனோ.

நடுவில் 2016-இல் பாடகர் பிரையன் ஜான்சனுக்குக் காது முழுசாகப் போய்விடும் ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்து, மிச்சக் கச்சேரிகளில் கன்ஸ் அன் ரோசஸ் குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாடியது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம்தான். கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றும். ஜான்சன் பிறகு திரும்ப வந்து பாடினார் என்பதில் ஆறுதல்.

இப்போது என் மனதை மாற்றிய குழுவுக்கு வருகிறேன்: அமெரிக்காவின் ஆர்.இ.எம். 1995 மார்ச் 1, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் மேடையிலேயே டிரம்மர் பில் பெரிக்கு மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது. அறுவை சிகிச்சை நடந்து பிழைத்தார், சில மாதங்களில் டூருக்கே திரும்பினார். ஆனால் 1997-இல், போதும், விலகிக்கொள்கிறேன் என்றார். கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்: நான் போவதால் நீங்கள் பிரிவதாக இருந்தால் நான் போகவில்லை. முடியாமல் போகிறவர் தன் நண்பர்களைக் குற்ற உணர்விலிருந்து விடுவித்துவிட்டுப் போகிறார். மற்ற மூவரும் 2011 வரை தொடர்ந்தார்கள். வேறு டிரம்மர்களை வைத்து வாசித்தார்கள், ஆனால் நான்காவது உறுப்பினர் என்று யாரையும் சேர்க்கவில்லை. பெரி ஜார்ஜியாவில் விவசாயம் பார்க்கப் போய்விட்டார். 2024 ஜூனில் நால்வரும் ஒரு விருது மேடையில் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள்.

இதற்கு நேர் எதிர், இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட். 1968 ஜனவரியில், மனநிலை தடுமாறிக்கொண்டிருந்த தங்கள் பாடகர் சிட் பேரட்டை வழியில் ஏற்றிக்கொள்ளாமலேயே வண்டியைக் கச்சேரிக்கு விட்டார்கள். போய்க் கூப்பிட வேண்டுமா, வேண்டாம், அவ்வளவுதான் பேச்சு. 1975 ஜூனில் அவரைப் பற்றிய பாட்டுக்கு ஸ்டூடியோவில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மொட்டைத் தலையும் மழித்த புருவமுமாக ஒருவர் வந்து நின்றார். அது சிட் என்று யாருக்கும் உடனே அடையாளம் தெரியவில்லை. இருபது வயது தாண்டிய பையன்களுக்கு அப்போது வேறு வழி தெரிந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு வந்த ஆல்பங்கள் மகத்தானவை என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வண்டி நிற்காமல் போனது அந்த ஆல்பங்களுக்குள்ளேயே கேட்கிறது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் எங்கள் குழுவின் டிரம்மருக்கு மணிக்கட்டில் நரம்புப் பிரச்சினை வந்தது. ஒரு போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது வேறொருவனை வைத்துப் பயிற்சி தொடங்கிவிட்டோம். அவனிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம், கடைசியில் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டான். பின்னால் ஒருநாள் சொன்னான்: "நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேனே டா. கேட்கவே இல்லையே." எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

அதனால் இப்போது நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்: முடியாமல் போனவரிடம் கேட்டார்களா? கேட்டு நிறுத்தினாலும் சரி, கேட்டுத் தொடர்ந்தாலும் சரி. ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்ற ஹெவி மெட்டல் குழுவில் கிட்டார் வாசிக்கும் கிளென் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய் வந்த பிறகு அவர் இடத்தில் ஆண்டி ஸ்னீப் வாசிக்கிறார், முடிகிற நாட்களில் கடைசிச் சில பாட்டுக்கு டிப்டனே மேடைக்கு வந்திருக்கிறார். 2022-இல் இரண்டாவது கிட்டார் இல்லாமலே நால்வராகப் போகிறோம் என்று அறிவித்து, ரசிகர்கள் கொதித்ததும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். அந்தக் கொதிப்பில் டிப்டன் மேல் யாருக்கும் கோபம் இல்லை என்பதைக் கவனித்தேன்.

ரஷ்ஷும் இப்போது 2026-க்கு டூர் அறிவித்திருக்கிறது. பியர்ட் இடத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்ஸ். பழைய நானாக இருந்தால் துரோகம் என்று எழுதியிருப்பேன். பியர்ட் பிறகு மறுமணம் செய்துகொண்ட மனைவியும் அவர்களுடைய மகளும் மனதார வாழ்த்தியிருக்கிறார்கள். அவர் இருந்தவரை இருவரும் அவருக்காக நின்றார்கள். இனி அவர்கள் ஆசைப்படுகிற நேரம் வாசிக்கட்டும். முதல் பாட்டுக்கு டிரம்ஸ் விழும்போது எனக்குத் தொண்டை அடைக்கும், அது தெரியும். ஆனாலும் கேட்பேன்.

ஆக, எது பெரிது என்ற கேள்விக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. மால்கம் யங்கை இதுவரை கவனித்ததில்லை என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். 1980-இல் வந்த ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை, அந்தக் கறுப்பு அட்டை ஆல்பத்தை, ஹெட்ஃபோனில் போட்டு வலது காதை எடுத்துவிடுங்கள். இடது காதில் மிஞ்சுகிற கிட்டார் அவருடையது.