மாமாவின் கணக்கைக் காட்டலாமா?

கேள்வி: பிரித்தானியப் பல்கலைக்கழகத்தில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பணம் என் தம்பியின் கணக்கில் இருக்கிறது. நூற்றுக்கு 90 விசா நிச்சயம் என்கிறது ஏஜென்சி. நம்பலாமா? – ஒரு தாய், ஹட்டன்

பதில்: ஏஜென்சி சொல்லும் அந்த 90ஐ நம்பாதீர்கள் அம்மா. இப்போதைய நிலையில் மறுப்புத்தான் வரும். மாமாவின் வங்கிக் கணக்கு செல்லாது. பணம் மகளின் அல்லது பெற்றோரின் பெயரில் இருக்க வேண்டும். முதல் வருடக் கட்டணத்தில் செலுத்தாத மிச்சமும், அதிகபட்சம் 9 மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே நாள் குறைந்தாலும் அந்தக் கணக்கு தகுதி இழக்கும். 28ஆவது நாளிலிருந்து 31 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். கையில் வராத சேமலாப நிதி கணக்கில் சேராது.

உங்கள் கணக்கென்றால், பணத்தை மகள் பயன்படுத்தலாம் என்ற உங்கள் சம்மதக் கடிதமும் மகளின் பிறப்புச் சான்றிதழும் தேவை. தோட்டக் குடும்பங்கள் இங்கேதான் இடறுகின்றன: சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. இப்போதே பிரதேச செயலகத்தில் திருத்தத் தொடங்குங்கள். சிங்களச் சான்றிதழென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். அந்தப் பரிசோதனைச் சான்றிதழ் 6 மாதம் செல்லும்.

நேர்காணலுக்கு அழைத்தால், ஏன் இந்தப் பாடம் என்பதை மகளே சொல்ல வேண்டும். மனப்பாடம் உதவாது.